ரோட்டை மூடுங்க... ஆனா சொல்லிட்டு மூடுங்க!



வருஷா வருஷம் மாசி மாசம் கோனியம்மன் தேர் ஓடுது. ராஜ வீதி, ஒப்பணக்கார வீதி, வைசியாள் வீதின்னு ஊரோட நடுப்பகுதியே அன்னைக்கு வண்டிகளுக்குக் கிடையாது. இதுக்காகக் கோவைக்காரர் யாராவது கோபப்பட்டுப் பார்த்திருக்கீங்களா? இல்லை. ஏன்னா எந்த வீதி அடைப்பு, எந்த நேரத்துல அடைப்பு, பஸ் எந்தப் பக்கம் சுத்திப் போகும், வண்டியை எங்கே நிறுத்தணும்னு மாநகரப் போலீஸ் முன்கூட்டியே அறிவிச்சுடறாங்க. பேப்பர்ல வருது, வாட்ஸ்அப்ல வருது, கடைக்காரங்க ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கறாங்க. தேர் நிலைக்கு வந்ததும் வீதி திறந்துடுது.

அதே ஊர்ல, ஏதோ ஒரு தெருவுல, ஒரு திங்கக்கிழமை காலையில ஒரு ஜேசிபி வந்து நிக்குது. குறுக்கால ரெண்டு டிரம், ஒரு சிவப்பு ரிப்பன். எந்தத் துறை, எத்தனை நாள் வேலை, யாரைக் கேட்கறது, எதுவும் தெரியாது. ஸ்கூல் வேன் டிரைவர் தெருமுனை வரைக்கும் வந்துட்டு ரிவர்ஸ் எடுக்கறார். "ஏனுங்க, இது எப்பங்க முடியும்?"னு கேட்டா, மண்வெட்டி பிடிச்சிருக்கிற தொழிலாளிக்கும் தெரியாது. அவரை மேஸ்திரி கூப்பிட்டார், வந்தார். அவ்வளவுதான்.

இந்த ரெண்டு அடைப்புக்கும் நடுவுல என்ன வித்தியாசம்? ஒண்ணு சொல்லிட்டு மூடறது. இன்னொண்ணு சொல்லாம மூடறது. இந்தப் பதிவு முழுக்க அந்த ஒரு வித்தியாசத்தைப் பத்தித்தான். கொஞ்சம் நீளம், ஆனா பொறுமையா படிங்க. கடைசியில நாம செய்ய வேண்டிய வேலையும் இருக்கு.

👉 வளர்ச்சிக்கு நாம் எதிரி இல்லை

முதல்லயே தெளிவா சொல்லிடறோம். ரோடு தோண்டறதே தப்புன்னு நாம் சொல்லலை. தோண்டாம தண்ணி வராது, சாக்கடை போகாது, கேபிள் பூமிக்குள்ள இறங்காது. கோவை கடந்த சில வருஷமாவே தோண்டப்பட்ட ஊருதான். 24 மணி நேரக் குடிநீர்த் திட்டத்துக்கு 2018ல் ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. அதுக்குக் குழாய் பதிக்கற வேலை தெருத்தெருவா நடந்துச்சு. பாதாள சாக்கடை ஒரு பக்கம், எரிவாயுக் குழாய் ஒரு பக்கம், இன்டர்நெட் கேபிள் ஒரு பக்கம். மேல பார்த்தா பாலங்கள். 2022ல் திருச்சி ரோடு பாலமும் கவுண்டம்பாளையம் பாலமும் திறந்தாங்க. 2024 ஆகஸ்ட்ல் உக்கடம் - ஆத்துப்பாலம் மேம்பாலம். 2025 அக்டோபர்ல் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரைக்கும் 10.1 கிலோமீட்டர் நீளத்துக்கு அவினாசி ரோடு மேம்பாலம், ஜி.டி. நாயுடு பேருல.

இந்தத் தேதிகளைப் பாருங்க. இது ஒரு ஆட்சியில மட்டும் நடந்த வேலை இல்லை. அதனால இது யார் மேலயும் பழி போடற பதிவும் இல்லை. யார் ஆண்டாலும் ரோடு தோண்டத்தான் செய்வாங்க. நாளைக்கு மெட்ரோ வந்தாலும் தோண்டணும். அப்போ எந்தக் கட்சிக்காரரா இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: இந்த ரோட்டை மூட யார் அனுமதி கொடுத்தாங்க, எத்தனை நாளைக்குக் கொடுத்தாங்க, அந்தத் தாளை மக்கள் பார்க்கலாமா?

அவினாசி ரோட்டையே எடுத்துக்கோங்க. நம்ம ஊரோட முதுகெலும்பு அது. ஏர்போர்ட், மில், காலேஜ், ஆஸ்பத்திரி எல்லாம் அதுலதான். அந்த ரோட்டுக்கு நடுவுல தூண் நட்டு, இவ்வளவு நீளத்துக்கு மேல பாலம் கட்டினாங்க. சிரமம் இல்லாம இல்லை. பீளமேட்டுலயும் ஹோப் காலேஜ்லயும் சிக்கி நின்னவங்களுக்குத் தெரியும். ஆனாலும் ரெண்டு பக்கமும் வண்டி ஓடிட்டேதான் இருந்துச்சு. மொத்தமா வருஷக்கணக்குல மூடிப் போடலை. இவ்வளவு பெரிய வேலையிலயே ரோட்டை உயிரோட வெச்சிருக்க முடியும்னா, இருபதடி வீதியில ஒரு குழாய் பதிக்கறதுக்கு அந்த வீதியே வாரக்கணக்குல சாக வேண்டிய அவசியம் இல்லை. வேணும்கறது திட்டமிடல். அந்தத் திட்டமிடல் ஆரம்பிக்கற இடம்தான் அனுமதி விண்ணப்பம்.

👉 சட்டம் என்ன சொல்லுது?

நிறைய பேர் நினைக்கறாங்க, கவர்மென்ட் வேலைன்னா கேள்வியே இல்லை, எப்ப வேணா ரோட்டை மூடலாம்னு. அப்படி இல்லைங்க.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 115. பொதுமக்களோட பாதுகாப்புக்காகவோ வசதிக்காகவோ, இல்லைன்னா அந்த ரோடு, பாலத்தோட தன்மையைப் பொறுத்தோ, ஒரு ரோட்டுல வண்டி போறதைத் தடை செய்யவும் கட்டுப்படுத்தவும் மாநில அரசுக்கும், அது அதிகாரம் கொடுத்த அமைப்புக்கும் உரிமை இருக்கு. ஆனா சும்மா இல்லை. அரசிதழ்ல அறிவிக்கணும், ரோட்டுல அடையாளப் பலகை வைக்கணும். சரி, பத்து நாள் வேலைக்கு அரசிதழா? அதுக்கும் அதே பிரிவுல வழி இருக்கு. ஒரு மாசத்துக்கு மேல போகாத தடைக்கு அரசிதழ் அறிவிப்பு வேண்டாம். ஆனா அந்தப் பகுதி மக்களுக்கு, சூழ்நிலைக்குத் தகுந்த மாதிரி விளம்பரம் செஞ்சே ஆகணும்.

இந்த வரியை மறுக்கா படிங்க. குறுகிய கால அடைப்புன்னா அரசிதழ் மட்டும்தான் விலக்கு. மக்கள்கிட்ட சொல்றதுக்கு விலக்கே கிடையாது. ரெண்டு டிரம்மும் ஒரு ரிப்பனும் விளம்பரம் ஆகாது.

அடுத்தது, ரோடு யாருடையது? இதுதான் பெரிய குழப்பம். ஒரே ஊருக்குள்ள மாநகராட்சி ரோடு இருக்கு, மாநில நெடுஞ்சாலைத் துறை ரோடு இருக்கு, தேசிய நெடுஞ்சாலை இருக்கு. ஊரைத் தாண்டினா ஊராட்சி ரோடு, ஒன்றிய ரோடு. மாநில நெடுஞ்சாலைகளுக்கு 2001ஆம் வருஷச் சட்டம். தேசிய நெடுஞ்சாலையில நிலத்தையும் போக்குவரத்தையும் கட்டுப்படுத்த 2002ஆம் வருஷச் சட்டம். மாநகராட்சிக்கு, முன்னாடி இருந்த 1981ஆம் வருஷக் கோவை மாநகராட்சிச் சட்டம் போய், 2023 ஏப்ரல்லிருந்து தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதோட விதிகளும் நடைமுறையில இருக்கு. எந்தச் சட்டமா இருந்தாலும் அடிப்படை ஒண்ணுதான்: ரோட்டோட சொந்தக்காரத் துறைகிட்ட அனுமதி வாங்காம வெட்டக் கூடாது.

ஆக, வேலை செய்யறவருக்கு ரெண்டு தனித்தனி அனுமதி தேவை. ஒண்ணு, ரோட்டை வெட்ட. அது ரோட்டுக்குச் சொந்தக்காரத் துறைகிட்ட. இன்னொண்ணு, போக்குவரத்தை நிறுத்த, திருப்பிவிட. அது காவல்துறைகிட்ட. வெட்டறதுக்கு அனுமதி இருக்குங்கறதால மூடறதுக்கும் அனுமதி இருக்குன்னு அர்த்தம் இல்லை. பாதி பிரச்சினை இங்கதான் ஆரம்பிக்குது. முதல் தாளை வாங்கிட்டு ரெண்டாவது தாளை மறந்துடறாங்க.

👉 ஒரு நல்ல விண்ணப்பத்துல என்ன இருக்கணும்?

இன்ஜினியரிங் படிச்ச தம்பி தங்கைகள் நம்ம ஐடி விங்ல நிறைய பேர் இருக்கீங்க. உங்களுக்கு இது புரியும். மத்தவங்களுக்கும் புரியற மாதிரி சொல்றோம்.

எந்த ரோடு, எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரைக்கும். எவ்வளவு நீளம், அகலம், ஆழம். திறந்த குழியா, இல்லை மேல வெட்டாம அடியில துளை போட்டுக் குழாய் இழுக்கறாங்களா. எந்தத் தேதி ஆரம்பம், எந்தத் தேதி முடிவு. பகல் வேலையா, ராத்திரி வேலையா. முழு ரோடும் மூடணுமா, பாதி போதுமா. மாற்று வழி எது, அந்த மாற்று வழியில பஸ்ஸும் லாரியும் திரும்புமா. ஆம்புலன்ஸ் எப்படி உள்ளே போகும். நடந்து போறவங்களுக்கு எத்தனை அடி விடறாங்க. வெட்டின ரோட்டைத் திரும்பப் போட எவ்வளவு பணம் கட்டியிருக்காங்க. பொறுப்பான இன்ஜினியர் யார்.

இதெல்லாம் நாம் புதுசா கண்டுபிடிச்ச பட்டியல் இல்லை. வேலை நடக்கற இடத்துல போக்குவரத்தை எப்படி நடத்தணும்னு இந்தியச் சாலைகள் காங்கிரஸ், அதாவது ஐ.ஆர்.சி., தனியா ஒரு வழிகாட்டியே போட்டிருக்கு. எஸ்.பி. 55ன்னு பேரு. அதுல வேலை இடத்தை நாலு பகுதியாப் பிரிக்கறாங்க. முன்னாடியே எச்சரிக்கற பகுதி, வண்டியை மெல்ல ஒதுக்கற பகுதி, வேலை நடக்கற பகுதி, மறுபடியும் பழைய பாதைக்குக் கொண்டு வர்ற பகுதி.

நம்ம தெருவுல என்ன நடக்குது? நாலுல மூணு பகுதி கிடையவே கிடையாது. நேரா குழிதான். முன்னெச்சரிக்கைப் பலகை இருக்கிறதே குழிக்குப் பக்கத்துலதான். அதைப் படிக்கற தூரத்துக்கு வந்துட்டா பிரேக் பிடிக்க இடமே இருக்காது. ராத்திரி, மழை, தெருவிளக்கு இல்லாத இடம், டூவீலர்ல புருஷன் பொண்டாட்டி குழந்தை. மீதியை நாம் சொல்ல வேண்டியதில்லை.

👉 குழியை மூடிட்டாங்க, ஆனா ரோடு ஏன் உள்ள போகுது?

இதையும் தெரிஞ்சுக்கோங்க. குழாய் பதிச்சதும் தோண்டின மண்ணை அப்படியே மொத்தமாத் தள்ளி, ஜேசிபி பக்கெட்டால ரெண்டு தட்டுத் தட்டிட்டுப் போயிடறாங்க. அப்படி மூடினா மண்ணுக்குள்ள காத்து இடைவெளி நிறைய இருக்கும். முதல் மழையில தண்ணி உள்ள இறங்கி மண் அமுங்கிடும். மேல போட்ட தார் தொங்கும், உடையும். சரியான முறை என்னன்னா, 15, 20 சென்டிமீட்டர் அடுக்கு அடுக்காப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் ஈரம் பார்த்து இறுக்கணும். அதுக்கு மேல வெட்மிக்ஸ், அதுக்கும் மேல தார்.

நம்ம கொங்குப் பக்கம் பல இடத்துல கரிசல் மண். பருத்திக்குப் பேர் போன மண்ணு. ஈரம்பட்டா உப்பும், காஞ்சா வெடிக்கும். இந்த மண்ணையே திரும்பக் குழியில கொட்டி மூடினா, ரோடு வருஷத்துக்கு ரெண்டு தடவை மூச்சு விடும். அங்கெல்லாம் மணலோ கிராவலோ போட்டுத்தான் மூடணும். இது பெரிய ராக்கெட் விஞ்ஞானம் இல்லை, முதல் வருஷ சிவில் பாடம். ஆனா அனுமதித் தாள்ல எழுதி, நேர்ல வந்து யாராவது சோதிச்சாத்தான் நடக்கும்.

இதுக்குக் கொடுக்கற விலை சின்னது இல்லை. 2013லிருந்து 2017 வரைக்கும் நாடு முழுக்க ரோட்டுக் குழிகளால நடந்த விபத்துல 14,926 பேர் இறந்திருக்காங்க. 2018 டிசம்பர்ல் உச்ச நீதிமன்றமே இந்தக் கணக்கைப் பார்த்து, இதை ஏத்துக்கவே முடியாதுன்னு கண்டிச்சுது. 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்துல 198-ஏ பிரிவைச் சேர்த்தாங்க. ரோட்டை வடிவமைக்கறவங்க, கட்டறவங்க, பராமரிக்கறவங்க விதிப்படி தரத்தைக் கடைப்பிடிக்காம, அதனால உயிரோ உறுப்போ போனா ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம். 2025 அக்டோபர்ல் மும்பை உயர் நீதிமன்றம், குழியாலயும் திறந்து கிடந்த மேன்ஹோலாலயும் இறந்தவங்க குடும்பத்துக்கு 6 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கணும்னு உத்தரவு போட்டுச்சு. சட்டம் மெல்ல மெல்ல நம்ம பக்கம் வருது. ஆனா இழப்பீடு வாங்கற நிலைமைக்கு நம்ம ஆளு யாரும் போகக் கூடாது. அதுதான் நம்ம கவலை.

👉 ஒரே ரோடு, நாலு தடவை

இன்னைக்குத் தண்ணிக் குழாய்க்கு வெட்டுவாங்க. மூடி, தார் போட்டு, எல்லாரும் "அப்பாடா"ன்னு மூச்சு விடுவோம். அப்புறம் பாதாள சாக்கடைக்காரங்க வருவாங்க. அவங்க போன பொறவு மின்வாரியம். கடைசியா கேபிள். ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனி அனுமதித் தாள் சரியாத்தான் இருக்கும். ஆனா நாலு பேரையும் ஒட்டுக்கா உட்கார வெச்சு, "ஒரே தடவை தோண்டுங்கப்பா"ன்னு சொல்ற மேசை ஒண்ணு இருக்காது.

இதுல இன்னொரு நஷ்டமும் இருக்கு. கீழ என்ன இருக்குன்னு தெரியாம தோண்டறது. தண்ணிக்குத் தோண்டறப்ப கேபிள் அறுந்துடும், கேபிளுக்குத் தோண்டறப்பத் தண்ணிக் குழாய் உடைஞ்சுடும். இப்படி ஒருங்கிணைப்பு இல்லாம தோண்டறதால நாட்டுக்கு வருஷத்துக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் நஷ்டம்னு மத்திய அரசே சொல்லியிருக்கு. அதுக்காக 2023 மார்ச்ல் "கால் பிஃபோர் யூ டிக்"னு ஒரு ஆப்பே வெளியிட்டாங்க. தோண்டப் போறவர் அதுல இடத்தைப் பதிஞ்சா, அந்த இடத்துக்கு அடியில குழாய், கேபிள் வெச்சிருக்கிற துறைகளுக்குத் தகவல் போகும். நல்ல யோசனை. ஆனா நம்ம தெருவுல ஜேசிபி ஓட்டற அண்ணன்கிட்ட இந்த ஆப் பத்திக் கேட்டுப் பாருங்க.

பெங்களூருவுல டெண்டர்ஷூர்னு சில ரோடுகளை வேற மாதிரி போட்டாங்க. நடைபாதைக்கு அடியிலேயே கேபிளுக்கும் குழாய்க்கும் தனித்தனிப் பாதை. பின்னாடி புதுசா கேபிள் இழுக்கணும்னா ரோட்டை வெட்ட வேண்டியதில்லை. முதல் செலவு அதிகம்தான். ஆனா நாலு தடவை வெட்டி நாலு தடவை போடற செலவை யாரும் கணக்குல சேர்க்கறதில்லையே.

லண்டன்ல இன்னொரு வழி. 2012லிருந்து, ரொம்ப நெரிசலான ரோடுகள்ல நெரிசல் நேரத்துல தோண்டி வெச்சிருந்தா நாள் வாடகை கட்டணும். ஒரு நாளைக்கு அதிகபட்சம் 2,500 பவுண்டு. நம்ம காசுக்கு ரெண்டரை லட்சத்துக்கும் மேல. அப்புறம் என்ன ஆகும்? நெரிசல் இல்லாத நேரமாப் பார்த்து வேலை வைப்பாங்க, ராத்திரி செய்வாங்க, சீக்கிரம் மூடுவாங்க, மத்த கம்பெனியோட சேர்ந்து ஒரே குழியில வேலையை முடிப்பாங்க. நேரத்துக்கு விலை வெச்சா அக்கறை தானா வருது.

ஜப்பான்ல 2016 நவம்பர் 8, ஃபுகுவோகா நகரத்துல ஹகாட்டா ஸ்டேஷன் பக்கத்துல, சுரங்க ரயில் வேலையால மெயின் ரோடே உள்ள விழுந்துடுச்சு. ஏறக்குறைய 30 மீட்டர் அகலம், 15 மீட்டர் ஆழம். தண்ணி, கேஸ், கரண்டு எல்லாம் போச்சு. நவம்பர் 15 அந்த ரோட்டைத் திறந்துட்டாங்க. ஒரே வாரம்! அங்கே இருக்கிறவங்களும் நம்மள மாதிரி மனுஷங்கதான். எந்தத் துறை எந்த வரிசையில இறங்கணும்னு உட்கார்ந்து பேசி முடிவு பண்ணினாங்க. அவ்வளவுதான் ரகசியம்.

👉 இது யாரோட பொழப்பு?

சிலர் கேட்பாங்க, "ரெண்டு நாள் சுத்திப் போனா என்ன குறைஞ்சுடும்?"னு. கார்ல போறவருக்கு ஒண்ணும் குறையாது.

கணபதியில ஒரு லேத்துப் பட்டறை. மூணு பேர் வேலை. பவுண்டரியிலிருந்து வார்ப்படம் டெம்போவுல வரணும், கடைசல் முடிச்சு சாயங்காலத்துக்குள்ள பம்ப் கம்பெனிக்குப் போகணும். தெரு அடைச்சா டெம்போ வராது. ஒரு நாள் தவறினா ஆர்டர் அடுத்த பட்டறைக்குப் போயிடும். தெருமுனையில இட்லிக்கடை போட்டிருக்கிற அக்காவுக்கு, வண்டி நிக்க இடம் இல்லைன்னா மாவு மிச்சம். மாவு மிச்சம்னா அன்னைக்குக் கூலியே இல்லை. சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓட்டறவங்களுக்கு பாவு வண்டி வரலைன்னா தறி நிக்கும். இவங்க யாரும் நஷ்டஈடு கேட்கலை. "முன்னாடியே சொல்லியிருந்தா அதுக்குத் தகுந்த மாதிரி ஏற்பாடு பண்ணியிருப்போமுங்க"ன்னுதான் சொல்றாங்க. சொல்றதுக்குக் காசு செலவில்லை. சொல்லாம விட்டா செலவு முழுக்க ஏழை தலையில.

அதைவிடப் பெருசு உயிர். திருச்சி ரோட்டுல பெரியாஸ்பத்திரி இருக்கு. சுத்துப்பட்டு மாவட்டங்கள்லருந்தெல்லாம் 108 அங்கதான் வருது. நெஞ்சுவலிக்காரரை ஏத்திட்டு வர்ற டிரைவருக்கு, எந்தத் தெரு இன்னைக்கு அடைப்புன்னு தெரியணுமா வேண்டாமா? அடைப்பு விவரம் அவருக்குப் போகலைன்னா அந்த அனுமதித் தாள் முழுசா இல்லைன்னுதான் அர்த்தம்.

👉 நம்ம வீட்டையும் பார்ப்போம்

இப்போ கொஞ்சம் கசப்பான விஷயம். படிக்கறது நம்ம கட்சிக்காரங்கங்கறதால நேராவே சொல்றோம்.

ரோட்டை அடைக்கறது ஒப்பந்ததாரர் மட்டுமா? பொதுக்கூட்டத்துக்கு மேடை போடறோம், அலங்கார வளைவு வைக்கறோம், கொடிக்கம்பம் நடறதுக்கு ரோட்டைத் துளைக்கறோம். 2017 நவம்பர்ல் இதே அவினாசி ரோட்டுல, அரசு விழாவுக்காக ரோட்டுல நீட்டி வெச்சிருந்த அலங்கார வளைவு கிட்ட, விடிஞ்சும் விடியாத நேரத்துல பைக்ல வந்த ஒரு இளம் இன்ஜினியர் உயிர் போச்சு. நம்ம வயசுப் பையன். அவரைக் கொன்னது யாருன்னு ரோட்டு மேலயே எழுதிக் கேட்டாங்க கோவை மக்கள். அது எந்த ஆட்சி, எந்த விழாங்கறது இங்கே முக்கியமில்லை. அந்தக் கேள்வி எல்லாக் கட்சிக்கும் கேட்ட கேள்வி. நமக்கும்தான்.

அதனால நம்ம கிளைகளுக்கு, வார்டு நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். மேடை போடறதுக்கு முன்னாடி அனுமதி வாங்குங்க. வாங்கின தாளை மேடைக்குப் பக்கத்துல எல்லாரும் பார்க்கற மாதிரி ஒட்டுங்க. ஒரு பக்கம் வண்டி போக வழி விடுங்க. கூட்டம் முடிஞ்ச ராத்திரியே கழட்டுங்க, குழியை மூடுங்க. நாம் செய்யாததை ஒப்பந்ததாரர்கிட்டக் கேட்க நமக்கு வாய் வராது.

வீட்டு விசேஷத்துக்கு வீதியை மறிச்சு சாமியானா போடறதுக்கும் இதே பேச்சுத்தான். வீட்டுக்குத் தண்ணி கனெக்‌ஷன் எடுக்க பிளம்பரை வெச்சு ராத்திரியோட ராத்திரியா ரோட்டை வெட்டறதுக்கும் இதேதான். மாநகராட்சியில விண்ணப்பிச்சு, பணம் கட்டி, ரசீது வாங்கிட்டு வெட்டுங்க. அந்தப் பணம்தான் ரோட்டைத் திரும்பப் போடற பணம்.

👉 நாம் கேட்கறது ஏழு

1. அவசரப் பழுது தவிர எந்த ரோட்டை மூடினாலும் ஏழு நாள் முன்னாடி தமிழ்ல அறிவிப்பு. மாநகராட்சி பக்கத்துல, போலீஸ் பக்கத்துல, வார்டு வாட்ஸ்அப் குழுவுல.

2. வேலை நடக்கற இடத்துல பெரிய பலகை. துறை பேரு, ஒப்பந்ததாரர் பேரு, அனுமதி எண், ஆரம்பத் தேதி, முடிவுத் தேதி, பொறுப்பு இன்ஜினியரோட போன் நம்பர்.

3. எல்லாத் துறைகளோட தோண்டற வேலையும் ஒரே அட்டவணையில. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மாநகராட்சியில உட்கார்ந்து பேசி, ஒரே ரோட்டுக்கு ஒரே தடவை.

4. பொதுத்தேர்வு நாள், தீபாவளி வாரம், தேர்த் திருவிழா, வடகிழக்குப் பருவமழை நேரத்துல அவசரம் இல்லாத வேலைக்குத் தடை. மழைக்காலத்துல ரோடு வெட்டத் தடை போடறது சென்னை மாநகராட்சியில வழக்கமா நடக்கறதுதான்.

5. சொன்ன தேதி தாண்டினா ஒவ்வொரு நாளுக்கும் வாடகை. ஒப்பந்ததாரர் கணக்குல பிடிக்கணும்.

6. வெட்டின நீளத்தைச் சரியா மூடி, சோதிச்சு, சான்று கொடுத்த பொறவுதான் அடுத்த நீளத்தை வெட்ட அனுமதி.

7. எந்த அடைப்பா இருந்தாலும் ஆம்புலன்ஸுக்கும் நடக்கறவங்களுக்கும் வழி. வழி விட முடியாத வேலைன்னா 108க்கும் தீயணைப்புக்கும் முன்கூட்டியே தகவல்.

இதுல ஒண்ணுக்குக் கூடப் புதுச் சட்டம் தேவையில்லை. அனுமதித் தாள்ல ஏழு நிபந்தனை எழுதி, எழுதினதை நேர்ல பார்க்கறதுக்கு ஒரு ஆள் போதும்.

👉 நீங்க செய்ய வேண்டியது

உங்க தெருவுல ரோட்டை மூடினா முதல்ல சண்டைக்குப் போகாதீங்க. வேலை செய்யற தொழிலாளிகிட்டக் கோபப்படாதீங்க; வெயில்ல நிக்கறவர் அவர். மேஸ்திரிகிட்டயோ சூப்பர்வைசர்கிட்டயோ "அனுமதித் தாள் காப்பி இருக்குங்களா?"ன்னு மரியாதையாக் கேளுங்க. தாள் இருந்தா போட்டோ எடுத்து தெரு குழுவுல போடுங்க. அதுவே பாதிக் குழப்பத்தைத் தீர்த்துடும்.

இல்லைன்னா, குழி, தடுப்பு, தேதி தெரியற மாதிரி படம் எடுங்க. உங்க கவுன்சிலருக்கும் மண்டல அலுவலகத்துக்கும் அனுப்புங்க. 1100ங்கற முதல்வர் உதவி எண்ணுல பதிவு பண்ணுங்க. தடுப்பே இல்லாத குழின்னா தாமதிக்காம போலீஸுக்குச் சொல்லுங்க.

கோவையில 100 வார்டு. தமிழ்நாட்டு நகரங்கள்ல வார்டு கமிட்டியும் பகுதி சபையும் விதிப்படியே இருக்கு. ஊராட்சியில இருக்கிறவங்களுக்கு வருஷத்துக்கு ஆறு கிராம சபை. நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினம் அதுல ஒண்ணு. அங்கே போய் உட்காருங்க. "அடுத்த ஆறு மாசத்துல நம்ம வார்டுல எந்தெந்த ரோட்டை யார் தோண்டப் போறாங்க?"ங்கற ஒரே கேள்வியைக் கேளுங்க. பதிலைத் தீர்மானப் புத்தகத்துல எழுதச் சொல்லுங்க.

பதில் வரலையா? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005. பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாள். இந்த நாலு கேள்வி போதும்:

இந்த ரோட்டை வெட்ட யாருக்கு, எந்தத் தேதியில, எத்தனை நாளுக்கு அனுமதி கொடுக்கப்பட்டது? அனுமதித் தாளின் நகல்.

போக்குவரத்தை நிறுத்தக் காவல்துறை கொடுத்த அனுமதியின் நகல்.

ரோட்டைத் திரும்பப் போட எவ்வளவு தொகை வாங்கப்பட்டது? அதில் எவ்வளவு செலவானது?

மூடிய பின் யார், எந்தத் தேதியில ஆய்வு செஞ்சாங்க? ஆய்வு அறிக்கையின் நகல்.

நம்ம ஐடி விங் தோழர்கள் இதுல ஒரு படி மேல போகலாம். ஒவ்வொரு வார்டுலயும் ஒருத்தர் பொறுப்பெடுத்து, அடைப்பு இருக்கிற தெரு, ஆரம்பத் தேதி, பலகை இருக்கா இல்லையா, எப்போ திறந்தாங்கன்னு ஒரு கூகுள் ஷீட்ல பதியுங்க. திட்டறதுக்கு இல்லை, கணக்குக்கு. மீம் ஒரு நாள் ஓடும். தேதியோட இருக்கிற கணக்கு கமிஷனர் மேசை வரைக்கும் போகும். சரியா முடிச்ச வேலையையும் அதே ஷீட்ல பச்சை நிறத்துல போடுங்க. நல்லா வேலை செஞ்ச இன்ஜினியருக்கும் ஒப்பந்ததாரருக்கும் அந்த மரியாதையை நாம் கொடுக்கணும்.

தோழர்களே, ரோடுங்கறது நம்ம வரிப்பணத்துல போட்ட பொதுச் சொத்து. அதை மூடறவர் யாரா இருந்தாலும், அரசா இருந்தாலும், கம்பெனியா இருந்தாலும், நம்ம கட்சியாவே இருந்தாலும், மக்கள்கிட்டச் சொல்லிட்டு மூடணும், சொன்ன தேதிக்குத் திறக்கணும். இந்தப் பழக்கம் கோவையில ஆரம்பிச்சா திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சின்னு கொங்கு முழுக்கப் பரவும்.

உங்க தெருவுல இப்போ எந்த ரோடு அடைச்சிருக்கு? எத்தனை நாளா? பலகை இருக்கா? கமெண்ட்ல வார்டு எண்ணோட எழுதுங்க. உங்க தெரு குழுவுக்கு இந்தப் பதிவைப் பகிருங்க.

#சொல்லிட்டு_மூடுங்க
#சொன்ன_தேதிக்குத்_திறங்க
#கோவை #கொங்குநாடு